படத்துக்கு இலக்கணம் எழுதியவர்

எண்ணும் எந்திரங்கள்: இந்தியக் கணினியின் வரலாறு – அத்தியாயம் 14

கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து எச்.ஈ.சி.-2எம் என்ற கணினியை விலைக்கு வாங்கி நிறுவியதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அதே ஆண்டுகளில் பம்பாயில் ஓர் இளைஞர் குழு, வாங்க வேண்டாம், நாமே கட்டுவோம் என்று முடிவெடுத்தது. அந்தக் குழுவின் நடுநாயகமாக இருந்தவர் ரங்கசாமி நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்தவர்; கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தவர். அமெரிக்காவில் கால்டெக்கில் மின்பொறியியல் முதுகலையும் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்று, 1954இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

இந்தியாவில் செயற்கை நுண்ணறிவின் கதையை எழுதுகிறவர் எவரும் இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் வந்தவர் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. எந்திரம் எதைக் கற்க வேண்டும், அதை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை ஐம்பது ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கேள்வி இன்று தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை வரை ஏறி வந்திருக்கிறது. அதை இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் காண்போம்.

கொலாபாவில் எழுந்த கணினி

ஹோமி பாபா தொடங்கிய அந்த டாடா நிறுவனத்தில் அணு இயற்பியலும் காஸ்மிக் கதிர் ஆய்வும் வளர வளர, கணக்குகளும் மலைபோல் குவிந்தன. கையால் சுழற்றும் கணக்குப்பொறிகள் போதவில்லை. நரசிம்மனோடு சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் கல்லூரியை விட்டு வெளியே வந்த இயற்பியல் பட்டதாரிகள். கணினி கட்டிய அனுபவம் எவருக்கும் இல்லை. அயல்நாடுகளில் வெளியான வடிவமைப்பு அறிக்கைகளைப் படித்தார்கள். ஒவ்வொரு மின்சுற்றையும் தாங்களே வரைந்து, சோதித்து, திருத்தினார்கள்.

1956 அக்டோபரில் ஒரு முன்னோட்டக் கணினி இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டின் கோடையில்தான் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தியும் நண்பர்களும் கூடி, செயற்கை நுண்ணறிவு என்று ஒரு துறைக்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். அந்தத் துறை பிறந்த ஆண்டிலேயே இந்தியாவில் இந்தியர் கட்டிய கணினி ஒன்று கணக்குப் போட்டது என்பதை நம் பிள்ளைகளின் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

முழு அளவுக் கணினி 1960 பிப்ரவரியில் முறைப்படி பணிக்கு வந்தது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள். ஃபெரைட் வளையங்களால் ஆன நினைவகம். அதில் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களுக்கு இடம். இன்றைய கணக்கில் 10 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. அந்த 10 கிலோபைட்டை நம்பித்தான் நாட்டின் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் கணக்குகள் பம்பாயின் கொலாபாவுக்கு வந்தன. 1962 ஜனவரியில் நிறுவனத்தின் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்க வந்த நேரு, அந்தக் கணினிக்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார்.

1964இல் அமெரிக்காவின் சி.டி.சி. 3600 வந்து சேர்ந்ததும் டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. ஆனால் அதைக் கட்டிய கைகள் எங்கும் போகவில்லை. கணினியின் ஒவ்வொரு நரம்பையும் அறிந்த ஒரு தலைமுறை இந்தியாவில் உருவாகியிருந்தது. அவர்களில் ஒருவரான பி.வி.எஸ். ராவ் பிறகு பேச்சை எந்திரத்துக்குப் புரியவைக்கும் ஆய்வுக்குச் சென்றார். நரசிம்மன் படங்களின் பக்கம் திரும்பினார்.

குமிழிக் கலத்தின் படங்கள்

1961 முதல் 1964 வரை நரசிம்மன் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அப்போது உலகின் துகள் இயற்பியல் கூடங்கள் அனைத்தும் ஒரே இடரில் சிக்கியிருந்தன. இடருக்குக் காரணம், டொனால்ட் கிளேசர் 1952இல் கண்டுபிடித்து 1960இல் நோபல் பரிசு பெற்ற குமிழிக் கலம்.

கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் திரவ ஹைட்ரஜனின் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், அதனூடே பாயும் மின்னேற்றத் துகளின் பாதை நெடுகக் குமிழிகள் எழும். சுற்றிலும் காந்தப் புலம் இருப்பதால் பாதை வளையும். வளைவை அளந்தால் துகளின் உந்தம் தெரியும். ஒரு புள்ளியிலிருந்து பல கோடுகள் கிளைத்தால் அங்கே ஒரு மோதலோ சிதைவோ நடந்திருக்கிறது என்று பொருள். இவை எல்லாம் புகைப்படங்களாகப் பதிவாயின.

பெர்க்லியில் லூயி ஆல்வரெஸ் 72 அங்குலக் குமிழிக் கலத்தை 1959இல் இயக்கத் தொடங்கியபின் படங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. ஒவ்வொரு படத்தையும் மேசையில் விழச்செய்து, கோடு கோடாகப் பார்த்து, ஆர்வமூட்டும் நிகழ்வுகளைக் குறித்துவைக்கப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களின் கண்களும் பொறுமையும்தான் அன்றைய துகள் இயற்பியலைச் சுமந்தன. படம் எடுக்கும் வேகம் பார்க்கும் வேகத்தை எங்கோ விட்டுவிட்டுப் போய்விட்டது.

இந்தப் படங்களை எந்திரமே படிக்க வேண்டும் என்று புரூஸ் மெக்கார்மிக் தலைமையில் இல்லியாக்-3 என்ற கணினி திட்டமிடப்பட்டது. 32 வரிசை, வரிசைக்கு 32 என 1,024 சிறு செயலிகள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் தன் அண்டைப் புள்ளிகளைப் பார்த்து ஒரே நேரத்தில் வேலை செய்யும். அந்தக் கணினி எப்படிச் சிந்திக்க வேண்டும் என்ற அடிப்படையை வகுத்தவர்களில் முதன்மையானவர் நரசிம்மன்.

பெயர் போதாது

அந்நாளில் எந்திரத்தைப் பார்க்கச்செய்யும் முயற்சிகள் பெரும்பாலும் ஒரே வழியில் சென்றன. ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் 1950களின் இறுதியில் பெரும்புகழ் பெற்றிருந்தது. படத்தைக் கொடுத்தால் அது எந்த வகை என்று சொல்லும். இது ‘அ’, அது ‘ஆ’ என்று முத்திரை குத்தும்.

நரசிம்மன் இது போதாது என்றார். குமிழிக் கலப் படத்துக்கு என்ன முத்திரை குத்துவது? ஒவ்வொரு படமும் புதிது. எத்தனை கோடுகள், எந்தக் கோடு எங்கே கிளைக்கிறது, எது எதைக் குறுக்கே வெட்டுகிறது, எது வெறும் தூசி என்பதெல்லாம் இயற்பியலாளருக்கு வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் இது இன்ன ஊர் என்று பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் எங்கேயும் போய்ச்சேர மாட்டார். எந்தத் தெரு எங்கே பிரிகிறது என்று சொன்னால்தான் காலெடுத்து வைப்பார். எந்திரத்தின் வேலை படத்தை விவரிப்பது என்பதே நரசிம்மனின் நிலைப்பாடு. வகைப்படுத்துவது விவரிப்பின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

விவரிக்க ஒரு மொழி வேண்டும். மொழிக்கு இலக்கணம் வேண்டும். நோம் சாம்ஸ்கி 1957இல் வாக்கியங்களின் அமைப்பை விதிகளால் விளக்கும் வழியைக் காட்டியிருந்தார். அந்த எண்ணத்தை நரசிம்மன் படத்துக்குக் கொண்டுவந்தார். எழுத்துகள் சேர்ந்து சொல்லாகி, சொற்கள் சேர்ந்து தொடராவதுபோல, புள்ளிகள் சேர்ந்து கீற்றாகும். கீற்றுகள் சேர்ந்து கோடாகும். கோடுகள் சந்தித்து முனையாகும். முனையும் அதன் கிளைகளும் சேர்ந்து ஒரு நிகழ்வாகும். எதனோடு எது சேரலாம் என்பதற்கு விதிகள் உண்டு. அந்த விதிகளைக் கொண்டு எந்திரம் ஒரு படத்தைப் பகுத்தால், படம் இப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லிவிடும். குமிழிகள் விட்டுப்போன இடைவெளியையும் அது நிரப்பும். இந்தக் கோடு இங்கே முடியக் காரணமில்லை, அப்பால் தொடர்கிறது என்று விதி சொல்லும்.

1962இல் அறிக்கையாகவும், 1964, 1966ஆம் ஆண்டுகளில் ஆய்விதழ்க் கட்டுரைகளாகவும் வெளிவந்த இந்தச் சிந்தனை ஒரு புதிய ஆய்வுக் கிளையாயிற்று. அதைச் சார்ந்து எழுதப்பட்ட நூல்களிலும் கட்டுரைகளிலும் நரசிம்மனின் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. இல்லியாக்-3 மட்டும் தன் முழு வாழ்வைக் காணவில்லை. 1968இல் ஏற்பட்ட தீவிபத்து அதை முடக்கியது.

கையால் எழுதிய விதிகள் பிற்காலத்தில் பின்தங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012க்குப் பின், லட்சக்கணக்கான படங்களைத் தின்று தானே கற்கும் நரம்பு வலையமைப்புகள், படத்தை அடையாளம் காண்பதில் விதிமுறைகளை வென்றுவிட்டன. பெர்செப்ட்ரானின் பேரப்பிள்ளைகள் அவை. ஆனால் அவை இன்றைக்கு எதிர்கொள்ளும் கேள்வி எது? நீ ஏன் அப்படிச் சொன்னாய், விவரி என்பதுதான். மருத்துவர் கேட்கிறார், நீதிபதி கேட்கிறார், விஞ்ஞானி கேட்கிறார். நரசிம்மன் 1962இல் வைத்த கோரிக்கை இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.

ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சு

நாடு திரும்பிய நரசிம்மன் ஒரு துறையையே கட்டி எழுப்பினார். 1965இல் தோன்றிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவர் அவரே. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு டாடா நிறுவனத்துக்குள் அமைந்த தேசிய மென்பொருள் வளர்ச்சி மையத்தை அவர் வழிநடத்தினார். அது 1985இல் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாகத் தனித்து வளர்ந்தது. 1977இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பதவிகளின் பட்டியலைவிட, அந்த ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் என்னை ஈர்க்கிறது. படத்தை விட்டுப் பேச்சுக்கு வந்தார். மொழியின் அமைப்பு பிறவியிலேயே குழந்தையின் மூளையில் பதிந்திருக்கிறது என்று சாம்ஸ்கியின் பள்ளி சொன்னது. யாரிடமிருந்து இலக்கணம் என்ற கருவியைப் பெற்றாரோ அவரோடேயே இந்த இடத்தில் நரசிம்மன் முரண்பட்டார். பேச்சு ஒரு நடத்தை. குழந்தை செய்யும் பிற செயல்களோடு பின்னிப் பிணைந்தது. பெற்றோர் அதோடு ஆடியும் பேசியும் திருத்தியும் வளர்ப்பது என்று வாதிட்டார். 1981இல் மொழி நடத்தையை எந்திர மாதிரியாக அமைப்பது பற்றி ஒரு நூல் எழுதினார்.

வாதத்துக்குச் சான்று வேண்டுமே! ஆங்கிலக் குழந்தைகளின் பதிவுகள் உலகில் ஏராளம். நரசிம்மனும் ஆர். வைத்தியநாதனும் தமிழ் பேசும் வீட்டுக்குச் சென்றார்கள். ஒரு தமிழ்க் குழந்தை 9 மாதத்திலிருந்து 33 மாதம் வரை பெற்றோருடன் பேசியதை ஒலிப்பதிவு செய்து, வரி வரியாக எழுத்தில் பெயர்த்தார்கள். அந்தத் தொகுப்பு இன்று உலகெங்குமுள்ள குழந்தை மொழி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பன்னாட்டுப் பதிவகத்தில் தமிழின் சார்பாக இருக்கிறது.

அந்தப் பாதையில் வைத்தியநாதன் மேலும் நடந்தார். தமிழ்க் குழந்தைகள் கேள்வி கேட்கப் பழகுவதைப் பற்றி 1988இலும், மறுத்துச் சொல்லப் பழகுவதைப் பற்றி 1991இலும் அவருடைய கட்டுரைகள் பன்னாட்டு ஆய்விதழில் வந்தன. தமிழில் மறுப்பு ஒரே வடிவத்தில் வருவதில்லை. பொம்மை காணோம் என்றால் ‘இல்லை’. சோறு ஊட்ட வந்தால் ‘வேண்டாம்’. வா என்று அழைத்தால் ‘மாட்டேன்’. குழந்தை எந்தச் சூழலில் எதைச் சொல்கிறது என்பதைக் கவனித்தால் அது உலகத்தோடு எப்படி உறவாடுகிறது என்பது தெரியவரும். எந்திரத்துக்கு மொழி கற்பிக்கப் புறப்பட்ட விஞ்ஞானி, மொழி கற்கும் குழந்தையின் அருகே உட்கார்ந்து காது கொடுத்ததைப் பெரிய செயல் என்றே நான் மதிக்கிறேன். பேசும் எந்திரங்கள் கோடிக்கணக்கான பக்கங்களை விழுங்கும் இந்தக் காலத்தில், ஒரே ஒரு குழந்தையின் பேச்சைச் சூழலோடு சேர்த்து விவரித்த அந்த உழைப்பின் அருமை கூடியிருக்கிறது.

நாடு கூடி எடுத்த முயற்சி

1982இல் ஜப்பான் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அறிவைச் சேமித்து, அதிலிருந்து தர்க்கம் செய்து விடை சொல்லும் எந்திரங்களைக் கட்டுவதாக அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. இந்தியாவும் 1986இல் மின்னணுத் துறையின் கீழ், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, அறிவுசார் கணினி அமைப்புகள் என்ற திட்டத்தை எடுத்தது. செயற்கை நுண்ணறிவை நாட்டு ஆராய்ச்சியாக அறிவித்த முதல் பெருந்திட்டம் இது.

வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பேச்சு ஆய்வு டாடா நிறுவனத்துக்கு. பட ஆய்வு கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்கு. இணைச் செயலாக்கம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு. நிபுணர் அமைப்புகள் சென்னை ஐ.ஐ.டி.க்கும் நரசிம்மன் வளர்த்த மென்பொருள் மையத்துக்கும். சென்னையில் உருவான ஒன்றின் பெயர் ஏகலவ்யா. சிறு குழந்தைகளின் நோய் அறிகுறிகளைப் பார்க்கும் சமூக சுகாதாரப் பணியாளருக்கு வழிகாட்ட அதை அமைத்தார்கள். மருத்துவர் எட்டாத ஊரில், படிப்படியாகக் கேள்வி கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டிய எந்திரம். யாருக்காக அறிவியல் என்ற கேள்விக்கு அந்நாளைய ஆய்வாளர்கள் தந்த தெளிவான விடை அது.

வத்தல்மலையும் எழுதாத அறிவும்

நரசிம்மனின் கடைசி இருபது ஆண்டுச் சிந்தனையில் எழுத்தறிவு என்ற பொருள் ஓங்கி நின்றது. எழுத்து வந்த பிறகுதான் மனிதன் ஆழ்ந்து சிந்திக்கக் கற்றான் என்று மேலைநாட்டு அறிஞர் பலர் கூறிவந்தார்கள். 1991இல் வெளியான ஒரு கட்டுரைத் தொகுப்பில் நரசிம்மன் இதை மறுத்தார். பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை மாற்றி மாற்றிக் கோத்து ஓதும் முறைகளால் வேதங்கள் எழுத்தின்றியே காக்கப்பட்டன. அந்த மரபிலேயே ஒலியியலும் இலக்கணமும் பிறந்தன. பட்டறிந்ததைப் பகுத்து, விவரித்து, பிறருக்கு ஒப்படைக்கும் ஆற்றலுக்கு எழுத்து ஒரு கருவி, ஒரே கருவியன்று. படத்திலும் குழந்தைப் பேச்சிலும் அவர் தேடிய விவரிப்பு இங்கேயும் மையத்துக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். 2004இல் வெளிவந்த அவரது நூல்களில் ஒன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. இன்னொன்று எழுத்தறிவைப் பற்றியது. 2007இல் அவர் மறைந்தார்.

இப்போது தருமபுரிக்கு வருவோம். நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், சேர்வராயன் மலைத்தொடருக்கு அண்டையில், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை வருவதற்கு முன் மக்கள் நடந்தே இறங்கி ஏறினார்கள். இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தமிழே அவர்கள் மொழி. சாமையும் கேழ்வரகும் அவர்களின் பழைய பயிர்கள்; காப்பியும் மிளகும் பின்னால் சேர்ந்தவை.

காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது இந்த மலைகளின் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. இனப்பிரிவு, உறவுமுறை, எந்த மலையார் எந்த மலையாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அந்தக் கதையில் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றன. எழுதிவைத்தவர் யாருமில்லை, ஆனாலும் காக்கப்பட்டிருக்கிறது. விதைப்புக்கு ஏற்ற மழை எது, எந்தச் சரிவில் எது விளையும், எந்தத் தழை எந்த நோய்க்கு என்ற அறிவும் அப்படியே. நரசிம்மன் வேத மரபிலிருந்து காட்டிய உண்மைக்கு இந்த மலைமக்களின் எழுதாத அறிவு ஒரு சாட்சியம்.

இந்த மக்களின் பேச்சை நோக்கி எந்திரங்கள் இப்போது வருகின்றன. 2022இல் இந்திய அரசு பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவு மையம் திறக்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் பேச்சைப் பதிவு செய்யும் வாணி திட்டத்தை மேற்கொண்டது. இவை வரவேற்கத்தக்கவை. சமவெளித் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய எந்திரத்துக்கு மலைத் தமிழ் புரியாது. புரியாத எந்திரம் நாளை பயிர்க் காப்பீடும் மருத்துவ ஆலோசனையும் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தால், மலைமக்கள் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்பார்கள்.

ஆனால் பதிவு செய்வது பாதி வேலைதான். வத்தல்மலையில் ஒரு மூதாட்டி சாமை விதைப்பைப் பற்றிச் சொல்வதைக் கருவியில் பிடித்து எழுத்தாக்கினால், அது முத்திரை குத்திய பேச்சு. அவர் எப்போது சொன்னார், யாருக்குச் சொன்னார், எந்த வானத்தைப் பார்த்துச் சொன்னார், அந்தச் சொல்லால் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பதிந்தால்தான் அது அறிவு. அதைப் பெங்களூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து செய்ய முடியாது. அந்த மலையில் பிறந்து படித்த பிள்ளைகளே செய்ய வேண்டும். அவர்களை வெறும் குரல் கொடுப்பவர்களாக வைக்காமல் ஆய்வாளர்களாக ஆக்க வேண்டும். கொடுத்த குரல் எங்கே போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கும் உரிமையும் அந்த மக்களுக்கு இருக்க வேண்டும்.

டிஃப்ராக் நமக்குத் தந்த பாடம் இதுவே. அந்தக் கணினி நான்கைந்து ஆண்டுகளில் பழசாகிவிட்டது. அதைக் கட்டிக் கற்ற மனிதர்கள் நாற்பது ஆண்டுகள் இந்த நாட்டுக்கு உழைத்தார்கள். எந்திரத்தை எவரும் வாங்கிவிடலாம். தன் மண்ணையும் தன் மக்களின் பேச்சையும் உற்றுப் பார்த்து விவரிக்கத் தெரிந்தவர்களை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. அவர்களை வளர்க்கத்தான் வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு வத்தல்மலை போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கும், அங்கிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைக்கும் போய்ச்சேர்ந்தால்தான் நரசிம்மன் தொடங்கிய பணியை நாம் தொடர்கிறோம் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

அடுத்த அத்தியாயம்: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் வாசல் கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதிய கதை.